அம்மாவை அழைத்த சனிக்கிழமை

எங்கள் அம்மா இறந்தது ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். பெரியப்பா வீட்டார் அவளைத் திரும்ப அழைத்தது அடுத்த வைகாசியில், ஒரு சனிக்கிழமை முற்பகல். இடையில் ஏழு மாதம். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு எட்டு வயது முடிந்திருந்தது.

புதூர்நாட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் அப்பா சபைப் பள்ளிக்கூட ஆசிரியர். ஞாயிறன்று அவரே பிரசங்கியார். அங்கே மெதடிஸ்ட் குடும்பம் என்று இருந்தது நாங்கள் மட்டும்தான். அம்மா வாரத்தை ஞாயிறிலிருந்து எண்ணுவாள். திங்களன்று துணி வெளுப்பு, புதனன்று பெண்கள் ஜெபம். ஜெபத்துக்கு வரும் மலைக்காரப் பெண்கள் இரண்டு பேரும் உண்மையில் இருமல் மருந்துக்காக வருகிறவர்கள். அது அம்மாவுக்கும் தெரியும். ஒரு பாட்டைப் பாட வைத்த பிறகுதான் சீசாவைத் திறப்பாள். பொட்டு இல்லை, பூ இல்லை. யார் வீட்டுக்குள் வந்தாலும் முதலில், "கைய கழுவினியா?" கர்த்தருக்கு அடுத்தபடி அவள் நம்பியது சோப்பை. ஈரக்கையை முந்தானையில் துடைக்கமாட்டாள். இடுப்புக்குப் பின்னால் புடவையில் மூன்று முறை தட்டிக்கொள்வாள்.

ஒன்பது நாள் காய்ச்சலில் படுத்தாள். கீழே கொண்டுபோக ஜீப் கிடைக்கவில்லை. அந்தச் செவ்வாயன்று நான் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் ஐந்து கல் ஆடிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அம்மா கூப்பிட்டாள், "சிட்டு." அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டது அவள் மட்டும்தான், அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் நான் பாப்பா. எனக்குக் கேட்டது. அறையின் வாசனைக்குப் பயந்தேனா, ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்ததாலா, தெரியாது, எழுந்திருக்கவில்லை. ஒரு நீண்ட இருமல். மறுபடி, "சிட்டு." அதுவும் கேட்டது. மூன்றாவது அழைப்பு வரவில்லை. சற்று நேரத்தில் உள்ளே அழுகுரல் எழுந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பெரியப்பா ஆலங்காயத்துப் பக்கம் விவசாயம். அப்பா இளவயதில் ஞானஸ்நானம் எடுத்தார். பெரியப்பா பழையபடியே இருந்தார். வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம் குறித்தார்கள். கணவன் இருக்கும்போதே இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று அந்தக் குடும்பத்தில் கும்பிடுவார்கள். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதலில் அவளை நீரிலிருந்து கூப்பிட்டு, யார்மேலாவது வரவழைத்து, உத்தரவு கேட்க வேண்டும். கடைசியாக அப்படிப் போனவள் எங்கள் அம்மா.

"அவ கர்த்தர்கிட்ட இருக்கா அண்ணா. ஓடையில இல்ல" என்றார் அப்பா.

"இருக்கட்டும்டா. வூட்டுக் கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் லீவு குடுக்க மாட்டாரா ஒன் கர்த்தரு? நீ எந்தச் சாமிய கும்பிட்டாலும் அவ எங்க வூட்டு மருமவ. தாலியோட போனவ. அவள உட்டுட்டு எப்டிடா பொண்ண அனுப்பறது?"

அப்பா பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கல்யாணப்பெண்ணான அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆசையாகச் சொன்னாள்: "சித்தி வருவாங்க பாரு. யாரு மனசுல இன்னா கீதுன்னு எல்லார் முன்னாடியும் பிட்டுப் பிட்டு வெச்சிடுவாங்க." எனக்கு அம்மாவைப் பார்க்கவேண்டும் என்றிருந்தது. அவள் வரவே கூடாது என்றும் இருந்தது.

அம்மா போன ஊரிலேயே அழைக்கவேண்டும் என்று எல்லோரும் மலையேறி வந்து, எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓடையில் குடத்தை வைத்து வேப்பிலை செருகினார்கள். பம்பைக்காரர் அடித்துக்கொண்டே அழைத்தார். அரை மணி ஆயிற்று, ஒருவர்மேலும் வரவில்லை. வெயில் ஏறியது.

"வேதக்கார அம்மா, பம்பைக்கெல்லாம் வருமா?" என்றாள் ஒருத்தி.

"வேற இன்னாத்துக்கு வரும்? மோளத்த மாத்தணுமா?" என்று பம்பைக்காரர் வியர்வையைத் துடைத்தார்.

அப்போதுதான் வேடிக்கை பார்க்க நின்றிருந்த அந்த இருமல் மருந்துப் பெண்கள், அம்மா சொல்லிக்கொடுத்த பாட்டை மெல்ல எடுத்தார்கள். அவர்கள் பாடினால் ஞானப்பாட்டும் நாற்று நடும் பாட்டைப் போலத்தான் இருக்கும். பம்பைக்காரர் இரண்டு அடி கேட்டுவிட்டு அதற்கு ஏற்ப அடித்தார். பள்ளிக்கூடக் கதவு திறந்தது. அப்பா ஓடைக்கரை வரை வந்து நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்தபோது பெரியம்மா எழுந்தாள். படையல் சோறு சாப்பிடாத ஓரகத்தியான எங்கள் அம்மாவோடு பதினோரு வருடம் முகம் கொடுத்துப் பேசாதவள் அவள். தண்ணீரில் குனிந்து கையை நிதானமாகக் கழுவினாள். நிமிர்ந்து, இடுப்புக்குப் பின்னால் மூன்று முறை தட்டிக்கொண்டாள்.

பம்பை நின்றது.

"யாரு தாயி வந்திருக்கறது?"

பெரியம்மா பம்பைக்காரரின் கைகளைப் பார்த்தாள். "கைய கழுவினியா?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"இன்னா வோணும் தாயி? பொடவ வெச்சிருக்குது, பூ வெச்சிருக்குது."

"ஒண்ணும் வாணாம்."

"மஞ்ச, குங்குமம்?"

"வாணாம்."

பம்பைக்காரர் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "எத்தினியோ வருசமா அடிக்கறேங்க. பூவே வாணாங்கற பூவாடக்காரிய இன்னிக்கிதான் பாக்கறேன்."

"பொண்ணுக்கு உத்தரவு குடு தாயி" என்று கைகூப்பினார் பெரியப்பா.

"நல்லா இருக்கட்டும்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் பெரியம்மா உட்காரவில்லை. கூட்டத்தில் யாரையோ தேடினாள். பிறகு கூப்பிட்டாள், "சிட்டு."

யாருக்கும் புரியவில்லை, ஒருவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். அப்பாவின் கை என் தலையைத் தேடி வந்து அமர்ந்தது. அது என்னை முன்னால் தள்ளவுமில்லை, பிடித்து நிறுத்தவுமில்லை. பெரியம்மா இருமினாள். நீண்ட இருமல். அந்த இருமலின் அளவு எனக்குத் தெரியும். அது முடிந்ததும் என்ன வரும் என்பதும் தெரியும்.

"சிட்டு."

வேட்டிக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"சரி" என்றது குரல். "வெளயாடிட்டு வரட்டும்."

பெரியம்மா தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் தெளித்ததும், "ஆச்சா? இன்னா சொன்னா?" என்று கேட்டாள்.

கல்யாணம் நடந்தது. அப்பாவும் போனார், தாலி கட்டும் நேரம் மட்டும் வெளியே நின்றுகொண்டார்.

தினமும் இரண்டு வரி எழுதுவது அப்பாவின் பழக்கம். அவர் காலத்துக்குப் பிறகு அந்த டைரிகள் என்னிடம் வந்தன. வைகாசிச் சனிக்கிழமைக்கு: "அண்ணன் வீட்டார் வந்து போனார்கள். மழை இல்லை." ஐப்பசிச் செவ்வாய்க்கு வழக்கத்தைவிட ஒரு வரி கூடுதல்: "காலையில் அண்ணி நடந்தே மேலே வந்தார். கடைசிவரை பக்கத்தில் அவர் மட்டுமே இருந்தார். பிற்பகல் மூன்றேகாலுக்கு முடிந்தது."

எல்லாம் முடிந்த பிறகே பெரியம்மா வந்தாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆலங்காயம் போய் அவளிடமே கேட்டேன். புளி தட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நா எங்கடி இருந்தேன்? நா வரும்போது எல்லாம் ஆயிப்போச்சு" என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவின் டைரியிலும் வேறெங்கும் பிழை கண்டதில்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், எதையும் அடிக்காமல்.

டைரி சரியென்றால், இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டு அம்மா சொன்ன அதே வார்த்தைகளைப் பெரியம்மா ஏழு மாதம் மனதில் வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தாள். பெரியம்மா சரியென்றால், அம்மாவே வந்து சொன்னாள். அன்று ஓடைக்கரையில் எனக்கு இரண்டுமே தோன்றவில்லை. அந்தச் 'சரி'யைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன். கோபம் இல்லாமலும் ஒரு தாய் கூப்பிடுவதை நிறுத்திக்கொள்வாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.