குதிரை வூட்டுக் காலாள்

யுத்த காலத்தில் தருமபுரி மர டிப்போவில் நாங்கள் இரண்டு குமாஸ்தாக்கள். நான் சேலத்திலிருந்து வந்தவன். அவர் அதியமான்கோட்டைக்காரர், சைக்கிளில் வந்து போவார். மூன்று வருஷமாக மத்தியான இடைவேளையில் தினம் சதுரங்கம் ஆடினோம். தேக்குப் பலகை ஒன்றில் கரியால் கட்டம் போட்டு வைத்திருந்தோம். இருவரில் யார் கெட்டி என்று கேட்டால் நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் சரிக்குச் சரி.

எனக்கு ஒரு கெட்ட குணம். நிலைமை கொஞ்சம் மோசமானால் ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்துவிடுவேன். சேலத்தில் காலேஜ் பையன்களோடு ஆடிப் பிடித்த பழக்கம். தோல்வியைக் கௌரவமாக ஒத்துக்கொள்வதுதான் ஆட்டம் தெரிந்தவனுக்கு அழகு என்பார்கள் அங்கே. இவருக்கு அது அறவே பிடிக்காது. அதுவும் ஆளுக்கு ஒரு யானை மிஞ்சி நிற்கும்போது எழுந்தால் கத்துவார்.

"யான உசுரோட நிக்கறப்ப எங்கீங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க!"

காலாள் ஒன்று குறைவாக வைத்துக்கொண்டு, அந்த ஒற்றை யானையால் பக்கவாட்டில் ஒரு செக், பின்னாலிருந்து ஒரு செக் என்று என் ராஜாவை ஓட ஓட விரட்டி, ஆட்டத்தை எத்தனையோ தடவை சமன் செய்திருக்கிறார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் அந்தப் பொறுமை ஏழு ஜன்மம் எடுத்தாலும் எனக்கு வராது என்பதும் தெரியும்.

ஒரு கோடையில் ரேஞ்சர் எங்களைக் கூப்பிட்டார். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிய காலம். ஏரியூருக்கு அப்பால் காட்டுக்குள் புதிதாகக் கரி டிப்போ போடுகிறார்கள், உங்களில் ஒருவர் போகவேண்டும், யார் என்று திங்கட்கிழமைக்குள் நீங்களே பேசிச் சொல்லுங்கள் என்றார். மலைக்காய்ச்சல் இடம். போனால் இரண்டு வருஷத்துக்குத் திரும்ப முடியாது.

அவர் மூன்று வருஷமாகப் பாறையை உடைத்து வெட்டிய கிணற்றில் அப்போதுதான் தண்ணீர் கண்டிருந்தது. முதல் நடவு நட்டிருந்தார். என் சங்கடம் வேறு. என் மனைவிக்கு இரண்டு கர்ப்பம் கலைந்து, இது மூன்றாவது, நாலு மாதம். வண்டியில்கூட ஏறக் கூடாது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். என்னை விட்டால் அவளுக்கு இந்த ஊரில் வேறு துணையும் இல்லை. ஆனால் ஐந்தாம் மாதம் தாண்டும்வரை வெளியே மூச்சு விட்டால் கண் பட்டுவிடும் என்று அவளுக்குப் பயம். அதனால் அவரிடம், "வீட்ல கொஞ்சம் அசௌகரியம்" என்று மழுப்பினேன்.

"பூவா தலையா போட்டா மனசு ஆறாதுங்க," என்றார். "ஞாயித்துக்கெழம ஒரே ஆட்டம். தோத்தவன் போறது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். மத்தியானத்துக்குள் எல்லாக் காய்களும் வெட்டுப்பட்டு, எனக்கு ஒரு யானை, அவருக்கு ஒரு யானையும் ஒரு காலாளும். காலாள் மறுகரைக்கு இரண்டே அடிதான். என் ராஜா எட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. குறுக்கே அவர் யானை.

பயம் வந்தால் புத்தி பழைய ஊருக்கு ஓடிவிடும் போலிருக்கிறது. காலாள் கரை சேர்ந்தால் மந்திரி. யானையும் மந்திரியும் சேர்ந்து வந்தால் நான் எந்த மூலைக்கு? என் மனைவி முகம்தான் கண்ணுக்குள் நின்றது. ராஜாவைச் சாய்த்தேன்.

"நானே போறேங்க."

அவர் எழுந்திருக்கலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போயிருக்கலாம். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் ராஜாவை எடுத்து அதே கட்டத்தில் நிமிர்த்தி வைத்தார்.

"ஏனுங்க, என் காலாளு எந்த வூட்டுக்குப் போவுது?"

"குதிரை வீட்டுக்கு."

"குதிர வூட்டுக்குப் போனா குதிரதான ஆவும்? மந்திரியா ஆவும்?"

அடச்சே! தருமபுரிப் பக்கத்துச் சட்டமே அதுதான். ஆரம்பத்தில் எந்தக் காய் அந்த வீட்டில் நின்றதோ, காலாள் அதுவாகத்தான் ஆகும். மூன்று வருஷம் அப்படியேதான் ஆடியிருக்கிறேன், சேலத்து ஆட்ட நினைப்பில் மறந்து தொலைத்தேன். யானையும் குதிரையும் சேர்ந்து வந்தாலும், விழிப்பாக இருந்தால் ஒற்றை யானை தாக்குப்பிடிக்கும்.

"ஆடுங்க," என்றார் கடுகடுவென்று.

காலாள் குதிரையானது. இரண்டையும் வைத்து என்னைச் சல்லடையாகச் சலித்தார். நான் அவரிடம் பார்த்ததையே அவருக்குச் செய்தேன்: பக்கவாட்டில் ஒரு செக், பின்னாலிருந்து ஒரு செக். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்த கதையாக, என்னை மூலையில் முடக்கும் ஆசையில், தன் யானைக்கு நேர் முன்னால் ராஜாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் யானை செக் சொன்னது. ராஜா ஒதுங்க, பின்னாலிருந்த யானை எனக்கு. படீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதாவது சாய்ப்பார் என்று பார்த்தேன். சாய்ப்பாரா? அந்தக் குதிரையை வைத்துக்கொண்டு கடைசிக் கட்டம்வரை ஓடினார். குதிரையும் போய், ராஜா அகப்பட்ட பிறகுதான் கையை எடுத்தார்.

"வுட்டுக் குடுத்தேன்னு நெனச்சிக்காதீங்க. நெசமாலுமே முட்டாத்தனமா வெச்சிட்டேன். திங்கக்கெழம எம் பேரச் சொல்லிடறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அவரு ராஜாவச் சாய்ச்சிருந்து, அந்தக் குதிர உங்க கண்ணுல பட்டிருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்களா?"

சுருக்கென்று கோபம் வந்தது. சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன்.

"மாட்டேன்," என்றேன்.

"அப்படின்னா நம்ம விசயத்த அவருகிட்டச் சொல்லிடுங்க. கண்ணு பட்டாப் படட்டும். எதுக்காகப் போறோம்னு தெரிஞ்சாவது போவட்டும் அந்த மனுசன்."

செவ்வாய்க்கிழமை ஏரியூர் பஸ் புறப்படுமுன் சொன்னேன். முகம் சிவந்துபோய், பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி என்னைத் திட்டினார்.

"யோவ், இத மொதல்லயே சொல்லியிருந்தா ஆட்டமே எதுக்குய்யா?"