ஞாயிற்றுக்கிழமை வீடு

லண்டனுக்கு வந்து சில வருடங்கள் கழித்து, முதன்முதலாக ஓர் ஆங்கிலேயர் வீட்டுக்குள் நான் போனது ஒரு யப்பானியரோடுதான். அது எங்கள் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர். அதுவரை நான் அங்கே போகாததற்கும், அதன்பிறகு போகாததற்கும் வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

எண்பதுகளின் கடைசி அது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்த நான், தெற்கு லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் நம்மவர்கள் நாலைந்து பேரோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். மாலையில் பெற்றோல் நிலையத்தில் வேலை. காலையில் நகரத்தின் நடுவில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய ஆங்கில வகுப்பில் ஆசிரியர். முதல்நாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது மாணவர்கள் எனக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று கதவைப் பார்த்தார்கள். இத்தாலியர், துருக்கியர், யப்பானியர். ஆங்கிலேயரிடம் ஆங்கிலம் படிக்க வந்தவர்கள். அவர்களில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பார்வை என்னைச் சுட்டது.

அதனால் நான் ஒரு பொய் சொல்லத் தொடங்கினேன். ஞாயிறு பின்னேரங்களில் நெடுநாள் நண்பரான ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போவேன் என்றேன். அந்தப் பேச்சுவழக்கு, இந்த மரியாதைச் சொல் எல்லாம் அங்கே கேட்டவை என்று பாடத்துக்கு நடுவில் சேர்த்துக்கொள்வேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

அந்தப் பங்குனியில் பள்ளி விடுமுறையில் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தார் அந்த யப்பானியர். என்னைவிட மூத்தவர். அவருடைய நாட்டில், ஒரு துறைமுக நகரத்தில், அவரும் ஆங்கில ஆசிரியர். ஆங்கிலம் பேசும் நாடொன்றில் அவர் கால் வைத்தது அதுவே முதல்முறை. மற்றவர்கள் என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். இவர் கேள்வி கேட்டார். அந்த வீட்டில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? சோபாவின் இடதுபக்கம் என்றேன். சப்பாத்தை என்ன செய்வீர்கள்? வாசலிலேயே கழற்றிவிடுவோம், வீட்டுக்காரரும் போடமாட்டார் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றார். சப்பாத்தோடு உள்ளே போகிற ஒரு வீட்டை எனக்குக் கற்பனை செய்யக்கூட வரவில்லை என்பதை அப்போது நான் உணரவில்லை.

அவர் ஊர் திரும்புவதற்கு முதல்நாள், ஒரு ஞாயிறு, நகரம் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நான் சேர்ட்டை அயன் பண்ணி மினுக்கிக்கொண்டு நின்றபோது எங்கள் வீட்டில் இருந்த இளையவன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாஸ்டர், பொம்பிளை பாக்கவோ?"

ஒரு யப்பான்காரருக்கு லண்டன் காட்டப் போறன் என்றேன்.

"நீங்களே இன்னும் லண்டன் பாக்கேல்லை. பெற்றோல் ஷெட்டும் ஆர்ச்வேக் கோயிலும்தான் தெரியும். ரெண்டு பேருமாத் துலையப்போறியள்."

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அந்த யப்பானியரோடு நடந்தபோது நான் தினமும் கடந்துபோன லண்டனையே புதிதாகப் பார்த்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்தை அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. அவருக்கு வேண்டியிருந்தது வேறு. வீட்டு வாசலில் வைத்த பால் போத்தலை ஏன் ஒருவரும் எடுத்துக்கொண்டு போவதில்லை? பேருந்துத் தரிப்பில் ஒரே ஒருவர் நிற்கும்போதும் வரிசையில் நிற்பது போல ஏன் நிற்கிறார்? கைகழுவும் தொட்டியில் சுடுதண்ணீருக்கு ஒரு குழாய், பச்சைத்தண்ணீருக்கு ஒரு குழாய் என்று ஏன் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒன்று சுடும், மற்றது விறைக்கும், இந்த மக்கள் எப்படித்தான் முகம் கழுவுகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கும் வந்த நாள் முதலாக இருந்தது. யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாதவன் என்று காட்டிக்கொள்வதாகிவிடும்.

பிற்பகல், ஆற்றங்கரை வாங்கில் உட்கார்ந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தான் படிப்பிக்கும் பாடப்புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். அதில் ஓர் ஆங்கில வீட்டின் முன்னறைப் படம் இருக்கிறதாம். கணப்பில் நெருப்பு, கதிரை, தேநீர்ச் சாடி, பூனை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் படத்தை வைத்துத்தான் பிள்ளைகளுக்குப் பெயர்ச்சொற்கள் சொல்லிக்கொடுத்தாராம். யாழ்ப்பாணத்தில் என்னிடம் இருந்த புத்தகத்திலும் கிட்டத்தட்ட அதே படம்தான். எங்கள் படத்தில் பூனைக்குப் பதில் நாய்.

பிறகு அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, மிகத் தயங்கிச் சொன்னார்.

"நாளைக்குப் போய்விடுவேன். பிள்ளைகள் கேட்பார்கள், ஒரு வீட்டுக்குள் போனீர்களா என்று. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உங்கள் நண்பர் வீட்டு வாசலில் நின்று உள்ளே ஒருமுறை பார்த்தாலும் போதும்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, வாருங்கள் என்பதுதான்.

விக்டோரியா நிலையத்திலிருந்து ரயிலில் போகும் வழியெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்மணியை நினைத்துக்கொண்டிருந்தேன். கணவரை இழந்து தனியாக இருந்த மூதாட்டி. வேலிக்கு மேலால் காலை வணக்கம் சொல்வோம். ஒருதரம், ஒருநாள் தேநீர் குடிக்க வாருங்களேன் என்று கேட்டிருந்தார். ஊரிலென்றால் அந்த ஒரு சொல் போதும், நினைத்த நேரம் போய் நிற்கலாம். இங்கே நாள் குறித்து, தொலைபேசியில் சொல்லாமல் போகக்கூடாது என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். அவர் நாள் குறிக்கவில்லை. ஆகவே அது ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று முடிவெடுத்திருந்தேன்.

அவருடைய வாசலில் நின்றதும் யப்பானியர் பையைத் திறந்து, அழகாகப் பொதி செய்த பெட்டியொன்றை எடுத்தார். காலையிலிருந்து அதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்.

கதவு திறந்தது. யப்பானியர் இடுப்பு வளைய வணங்கி, பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, தான் என் மாணவர் என்றும், ஒவ்வொரு ஞாயிறும் நான் இங்கே தேநீர் குடிக்க வருவதை வகுப்பு முழுவதும் அறியும் என்றும் சொன்னார். மூதாட்டி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இன்றைக்கு வரமாட்டீர்களோ என்று நினைத்தேன்," என்றார் அவர். "கேத்திலில் தண்ணீர் கொதித்துவிட்டது."

யப்பானியர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். வேறு வழியில்லாமல் நானும் கழற்றினேன். எங்களுடைய காலுறைக் கால்களை மூதாட்டி சிறிதுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காலில் வெளியே போகிற சப்பாத்து. சுவரில் ஒரு கையை ஊன்றி, மெதுவாகக் குனிந்து, அவரும் கழற்றினார்.

அந்த அறையில் சோபா இல்லை. சாய்கதிரைகள்தான், ஒன்று அவருடையது, மற்றது ஒருவரும் இருந்து பழகாதது போலக் குஞ்சம் கலையாத விரிப்போடு இருந்தது. அது அவர் கணவருடையது என்பது சுவரில் இருந்த படத்தைப் பார்த்ததும் விளங்கியது. அதைக் காட்டி, உங்கள் இடத்தில் இருங்களேன் என்றார் என்னிடம். நான் இருந்தேன். விருந்தாளிக்கு மேசைக் கதிரை ஒன்றை இழுத்து வந்தார்.

பாடப்புத்தகத்தில் இருந்த நெருப்புக்குப் பதில் அங்கே காஸ் ஹீற்றர். பூனையும் இல்லை, நாயும் இல்லை. தொலைக்காட்சியில் ஏதோ பழைய கௌபாய்ப் படத்துக் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. யப்பானியர் ஒவ்வொன்றாகக் கேட்டார், மூதாட்டி சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். குளியலறையில் கம்பளம் விரித்திருப்பதைக் கண்டுவிட்டு வந்து, அது நனையாதா என்றார். நனையும் என்றார் அவர். குழாய் பற்றியும் கேட்டார்.

"அதுவா? சூடு ஏறுமுன் கெதியாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். நான் பிறந்த நாளிலிருந்து கை சுட்டுக்கொண்டிருக்கிறேன்."

மூவரும் சிரித்தோம். இத்தனை வருடமாக நான் விடுகதை போல வைத்திருந்தது, ஒரு சுவருக்கு அப்பால், கேட்டவுடன் கிடைத்திருக்கிறது. இடையில் அவர் பிஸ்கட் எடுக்கக் குசினிக்குப் போனபோது, வெறுங்காலைக் குளிர்ந்த தரையில் மாறி மாறித் தூக்கி வைத்ததை யப்பானியர் கவனித்தார். நானும் கவனித்தேன்.

விடைபெறும்போது யப்பானியர் முன்னால் வெளிவாசல் படலையடிக்குப் போய்விட்டார். மூதாட்டி என் கையைத் தொட்டார்.

"அடுத்த ஞாயிறும் கேத்தில் கொதிக்கும். உண்மையாகவே வாருங்கள்."

வருகிறேன் என்றேன்.

ரயில் நிலையத்தில் யப்பானியர் எனக்கு நீண்ட நேரம் நன்றி சொன்னார். கடைசியில், முகத்தில் சிரிப்பே இல்லாமல், "உங்கள் சோபாவைவிட அந்தக் கதிரை நல்லது" என்றார்.

அடுத்த ஞாயிறு வேலை இருந்தது என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அதற்கடுத்த ஞாயிறுக்குக் காரணம் இருக்கவில்லை. என் பொய்யைத் தெரிந்து, அதைத் தன் பொய்யாகவும் ஆக்கிக்கொண்டவரின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? இப்படி நினைத்து நினைத்து, தெருவின் மறுகரையால் பேருந்துக்கு நடக்கப் பழகினேன். வகுப்பில் அந்தக் கதையை மட்டும் நிறுத்திவிட்டேன்.

சில மாதத்தில், வேலியடியில் மூதாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். யப்பானிலிருந்து பார்சல் வந்திருக்கிறதாம். வீட்டுக்குள் போடும் மெதுசெருப்புகள், அவருக்கும் விருந்தாளிகளுக்கும். ஒரு சோடி உங்கள் அளவு போல இருக்கிறது என்றார். நல்லது என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். எங்கள் வீட்டு இளையவன் ஒருநாள் சொன்னான்.

"மாஸ்டர், பக்கத்து வீட்டு மனிசி உங்களைக் கேட்டவ. ஒருக்காப் போயிட்டு வாங்கோவன். கடிச்சுத் தின்னமாட்டா."

ஓம், போறன் என்றேன்.

அடுத்த குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்கு அம்புலன்ஸ் வந்தது. அவர் திரும்பி வரவில்லை. எங்கோ தூரத்திலிருந்து உறவினர் வந்து வீட்டைக் காலிசெய்தார்கள். விரும்பியவர் எடுக்கலாம் என்று சில பெட்டிகளை முன்மதிலோரம் வைத்திருந்தார்கள். வேலைக்குப் போகும் வழியில், அன்று மட்டும் தெருவின் இந்தக் கரையால் நடந்தேன். கோப்பைகளுக்கும் விரிப்புகளுக்கும் நடுவில் அந்தச் செருப்புகள் இருந்தன. ஒரு சோடி குதிக்கால் தேய்ந்து மெலிந்திருந்தது. மற்றவை சுற்றி வந்த கடதாசியைவிட்டு வெளியே எடுக்கப்படவில்லை.

பெரிய சோடியை எடுத்து, அங்கேயே, மதிலில் கையை ஊன்றிப் போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.