பத்துக்கு எத்தனை

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வலி முன்னால் தெரியவில்லை, முதுகில்தான் தெரிந்தது. அங்கிருந்து ஒரு துண்டு சதையும் தோலும் எடுத்து, அக்குள் வழியாக முன்னுக்குக் கொண்டுவந்து, நோய் வந்த மார்பை எடுத்த இடத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். டொக்டர் அம்மா இதையெல்லாம் முன்பே காகிதத்தில் வரைந்து காட்டியிருந்தார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போது என் மனம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பீலிக்கரையில் நின்றது. லயம் என்கிற வரிசை வீடுகளின் பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் குளிக்கிற இடம். ஈரத்துணி ஒட்டினால் ஒரு பக்கம் தட்டையாகத் தெரியுமே, எல்லாக் கண்ணும் அங்கேயே நிற்குமே என்ற பயத்தில்தான் புது மார்புக்குச் சரி சொன்னேன்.

பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் தேவையில்லை. மழை கூடினால் லயத்துக்கு மேலே உள்ள மண்மேடு சரிந்துவிடும் என்று பயப்படுவேன். மழை இல்லாவிட்டால் கொழுந்து வராது, வேலை நாள் குறையும் என்று பயப்படுவேன். ஆனால் மலையிறங்கிப் போன அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. மோர்பின்.

என் அம்மாவுக்கும் இதே நோய். கட்டி புண்ணாகி வெளியே தெரிந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். கடைசியில் ஒரு பழுப்புப் போத்தலில் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைக் குடித்த பிறகு அம்மா முனகவில்லை. என்னைப் பார்த்து, "நீ யாரு புள்ள?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அம்மாவைக் கொண்டுபோனது நோய்தான், மருந்து இல்லை என்று இப்போது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் போத்தல் வீட்டுக்குள் வந்தது, அம்மா வெளியே போனாள் என்பதுதான்.

மறுநாள் காலையில் டொக்டர் அம்மா கட்டிலருகே வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"எப்பிடி இருக்கு? நோவே இல்லையெண்டா பூச்சியம். தாங்க ஏலாதெண்டா பத்து. இப்ப பத்துக்கு எத்தினை?"

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கணக்கு என்று எனக்குத் தெரிந்தது தராசடியில் படித்த கணக்குத்தான். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார், இலையில் ஈரம் இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கழிப்பார். பறித்தது ஒன்று, நம் பேரில் பதிவது ஒன்று. அதனால் எந்த இடத்தில் எவர் கேட்டாலும், கழிக்கப் போவதைச் சேர்த்துச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். வலி ஐந்து இருக்கும். சாக்குக்கும் ஈரத்துக்கும் சேர்த்து, "எட்டுங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. நர்ஸ் மிஸ்ஸியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மிஸ்ஸி வந்து ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கூரை கிட்டே வந்தது, பிறகு தூரம் போனது. அன்று என் வீட்டுக்காரர் பார்க்க வந்திருக்கிறார். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அலமாரித் தட்டில் இரண்டு தோடம்பழம் இருந்ததை வைத்துத்தான் மறுநாள் கண்டுபிடித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கம்பளைப் பக்கத்துச் சிங்கள அக்கா ஒருவர் இருந்தார். எங்கள் ஆட்களோடு சந்தையில் பழகிய தமிழ். "நேத்து ஒங்க மாத்தயா வந்து நின்னாரு. நீங்க அவர பாத்து சிரிக்கிறீங்க, சிரிக்கிறீங்க, பேச்சு இல்ல. அவரு பயந்து போனாரு" என்றார்.

மிஸ்ஸியிடம் என்ன ஊசி என்று கேட்டேன். மோர்பின் என்றார். நான் பதறிவிட்டேன். கட்டியவரைக்கூட அடையாளம் தெரியாமல் சிரித்திருக்கிறேனே, அம்மா போன பாதையில் ஒரு காலை வைத்துவிட்டேனே என்று.

அதன்பிறகு மிஸ்ஸி வந்து "கீயத?" என்று சிங்களத்தில் எண்ணைக் கேட்கும்போதெல்லாம் "ரெண்டு" என்றேன். காலையிலும் ரெண்டு, மாலையிலும் ரெண்டு. மூச்சை ஆழமாக இழுத்தால் முதுகு கிழியும், அதனால் இழுக்கவில்லை. இருமல் வந்தால் விழுங்கினேன். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தையலுக்குள்ளிருந்து தொங்கிய குழாயையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். சளி நெஞ்சில் கட்டத் தொடங்கியது.

டொக்டர் அம்மா வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். "ரெண்டு எண்டு சொல்லுறியள். ஆனா மேல் மூச்சுத்தானே விடுறியள்? கையை உயர்த்துங்கோ பாப்பம்."

உயர்த்தப் பார்த்தேன். முழங்கை அசையும் முன்பே கண்ணீர் வந்துவிட்டது.

"முந்தநாள் எட்டு, இப்ப ரெண்டு. எது சரி?"

மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாக்கு, ஈரம், கழிவு எல்லாம்.  அவர் சிரித்தார். "அட கடவுளே! என்னைக் கணக்கப்பிள்ளையாக்கிப் போட்டியளே!"

பக்கத்துக் கட்டில் அக்காவும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது, நிறுத்திக்கொண்டேன். அந்தச் சிரிப்பில்தான் அம்மாவைப் பற்றியும் சொல்ல முடிந்தது.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டொக்டர்மார் உட்காருவதை நான் பார்த்ததில்லை. "எனக்கும் அந்த மருந்தைக் கூடக் குடுக்க விருப்பமில்லை. குறைக்கிறதெண்டா நீங்க உள்ளதைச் சொல்லோணும். கூட்டிச் சொன்னா கூடப் போடுவன், குறைச்சுச் சொன்னா இப்பிடிச் சளி கட்டும். நான் ஒண்டும் கழிக்க மாட்டன். இப்ப எத்தினை?"

ஓர் எண்ணை உள்ளபடி சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. தராசுத் தட்டில் வெறும் கையை வைப்பது போலிருந்தது.

"ஆறுங்க."

"ஆறு. சரி."

வலித்தாலும் வலிக்காவிட்டாலும் நேரத்துக்கு நேரம் பனடோல் போடச் சொன்னார். வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை, சாப்பிட்ட பிறகு. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். விரல்களைச் சுவரில் ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நடத்த வேண்டும். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் மட்டும் மற்றது. வலிக்காத நேரத்தில் மாத்திரை போடுவது எனக்கு வீணடிப்பதாகப் பட்டது. தோட்டத்து மருந்துச் சாலையில் வாங்கும் மாத்திரையில் பாதியை, இதைவிட மோசமாக வந்தால் இருக்கட்டும் என்று எடுத்து வைக்கிறவள் நான். ஆனாலும் போட்டேன். எண் மெல்ல இறங்கியது. ஆறு, ஐந்து, இருமினால் ஏழு, பிறகு ஐந்து. ஊசி பிறகு தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று விட்ட அன்று, மெதுவாகப் போகும் ரயிலில் எங்கள் ஸ்டேஷனான றொசல்லைக்கு வந்து இறங்கினோம். வீட்டுக்காரர் வழி நெடுக என்னைக் கூட்டம் இடிக்காமல் கையை விரித்துக்கொண்டு நின்றார்.  பெட்டி ஆடும்போதெல்லாம் நான் மனதுக்குள் எண் சொல்லிக்கொண்டே வந்தேன்.

லயத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள்.

"எங்க, காட்டு பாப்போம். புதுசாமே!"

"இந்த வயசுல இதுக்கு ஒரு ஆச பாரேன்."

"ஏன்டி, முதுகுல இருந்ததத்தான முன்னால வச்சிருக்கு? இனி முதுகு அரிச்சா எங்கிட்டு சொறிவே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குக் கொம்பு ஊதியதும் லயம் காலியாகிவிட்டது. வீட்டுக்காரரும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். பிறகு பீலித் தண்ணீரின் சத்தம், நாய் ஒன்று, வாசல்வரை வந்து நிற்கும் பனிமூட்டம். ஆஸ்பத்திரியில் ஒரு நாளில் மூன்று முறை ஒருத்தி வந்து எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டாள். என் ஆயுசில் வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை. இங்கே நானே கேட்டுக்கொண்டேன், டொக்டர் அம்மாவின் பேச்சில். பத்துக்கு எத்தினை? நாலுங்க. சுவரில் விரல் நடத்தினேன். அடுப்புப் புகை படிந்த சுவரில் என் விரல் தடங்கள் ஜன்னல் உயரத்துக்கு ஏறி அங்கேயே நின்றன.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது மோர்பின் மாத்திரையும் கொஞ்சம் காகித உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன். வீட்டுக்குள் யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

ஒரு மழை நாளில் அடுப்புக்கு மேலே உள்ள அட்டாலிலிருந்து விறகை எடுக்க, பழக்கத்தில் ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையை உயர்த்திவிட்டேன். முதுகில் யாரோ இரும்பைக் காய்ச்சி வைத்த மாதிரி. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தலையணையை அணைத்தேன், மூச்சை எண்ணி விட்டேன், நேரத்துக்குரிய மாத்திரைகளைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பத்துக்கு எத்தினை? எட்டு. உண்மையான எட்டு. காத்திருந்தேன். எட்டுத்தான்.

கூப்பிட்டால் கேட்க லயத்தில் ஆள் இல்லை. டின்னைத் திறந்தேன். மூடினேன். சாயங்காலம் அவர் வரும்போது நீங்க யாருங்க என்று கேட்டுவிடுவேனோ? அம்மா கேட்ட மாதிரி? பிறகு டொக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். எட்டை எட்டு என்றுதான் எழுதியிருப்பார். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கேத்தல், உலக்கை, சீப்பு என்று கண்ணில் பட்டதன் பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டே படுத்தேன்.

விழித்தபோது நிறுவை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். "தண்ணிக்கின்னு மூணு கிலோ வெட்டிட்டான் பாவி" என்று ஒரு குரல். மூன்றாம் காம்பிராவில் குடியிருப்பவளின் குரல். தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு தேயிலைத் தூள் வாசனையோடு வீட்டுக்காரர் வந்தார். நான் அவரையே பார்த்தேன்.

"என்னா அப்புடி பாக்குற?"

"ஒன்னுமில்லங்க. நீங்க யாருன்னு பாத்தேன்."

"தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு."

அவர் லேசாகச் சிரித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் சிரித்துக்கொண்டே கிடந்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. கேத்தலை அடுப்பில் வைத்தார்.

"நாலு" என்றேன்.

"என்னா நாலு?"

சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவர் கால் கழுவ வெளியே போய்விட்டார். சுவரைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னேன். நாலுதான். மேலே ஒன்றும் சேர்க்கவில்லை.