மேசைவரை நீண்ட வயர்

எழுபதுகளின் பிற்பாதியில் ஈப்போவில் இயங்கிய ஓர் இசைக்குழுவில் நான் முதன்மைக் கிட்டார் வாசித்துவந்தேன். திருமண விருந்துகள், தோட்டத்துக் கோயில் திருவிழாக்கள், தமிழ்ப்பள்ளிகளின் நிதி திரட்டும் கலைநிகழ்ச்சிகள் என்று ஆண்டு முழுவதும் எங்களுக்கு மேடை இருந்தது. வார நாள்களில் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி வயர் இழுப்பது என் தொழில். வார இறுதியில் கிட்டார். இசையை எனக்கு எவரும் முறையாகக் கற்பிக்கவில்லை. கேட்டதை வாசித்தேன், வாசித்ததை மீண்டும் கேட்டுத் திருத்திக்கொண்டேன். ஆகவே என் செவியின் மீது எனக்கு அசையாத நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் அவர் முதலில் கலைத்தார்.

அவர் என்று நான் குறிப்பிடுவது குழுவின் தலைவரை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர். குழுவில் ஆர்கன் வாசிப்பவர். நல்ல உடை, நல்ல ஆங்கிலம், எவரிடமும் குரலை உயர்த்தாத பேச்சு. அவர் வகுத்த சட்டம் ஒன்று இருந்தது. மேடையில் எத்தனை ஆம்பிளிபையர்கள் இருந்தாலும் அவை யாவும் அவருடைய வலக்கைப் பக்கத்தில் ஒரே மேசையின் மீது இருக்க வேண்டும். எனக்கு முன்பு வாசித்த கிட்டார்க்காரர், கைதட்டல் எழும்போதெல்லாம் தம் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவிடுவாராம். அதன் பின் பிறந்த சட்டம் இது.

“சத்தம் ஒரு ஆள் கையில இருக்கணும் தம்பி. ஆளாளுக்குத் திருகினா அதுக்குப் பேரு பாட்டு இல்ல, மீன் பாசார்,” என்பார்.

அந்த மேசை மேடையின் இடக்கோடியில் இருக்கும். நான் நிற்பது வலக்கோடியில், டிரம்ஸுக்குப் பக்கத்தில். இடையில் பாடகர்கள். பட்டுச்சேலை உடுத்திய பாடகியின் கால் தடுக்கிவிடக் கூடாது என்பதால் என் வயர் மேடையின் குறுக்கே போகலாகாது. அது கீழே இறங்கி, பின்புறமாகச் சுற்றி, மறுகோடியில் ஏறி மேசையை அடையும். பெரிய மேடைகளில் ஒரு வயரோடு இன்னொன்றைப் பூட்டி நீட்டிக்கொள்வோம்.

வயர் மட்டுமன்று. அக்காலத் திரைப்பாடல்களில் கிட்டார் புதிது புதிதாக ஒலிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு பாட்டில் உறுமும், ஒன்றில் அழும், ஒன்றில் கிணற்றுக்குள்ளிருந்து எதிரொலிக்கும். இசைத்தட்டில் கேட்டதை அப்படியே மேடையிலும் கேட்க மக்கள் விரும்பினர். எனவே தலைவர் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு பெடல் வாங்கிப் போட்டார். காலால் மிதித்தால் அந்த ஒலி வரும். மீண்டும் மிதித்தால் நிற்கும். வாங்கியவை யாவும் வரிசையாகப் பூட்டப்பட்டு என் காலடியில் கிடந்தன. ஒரு பாட்டுக்கு எந்தப் பெடலும் தேவைப்படாவிட்டாலும் கிட்டாரின் ஒலி அத்தனை பெட்டிகளுக்குள்ளும் நுழைந்து வெளியேறித்தான் அந்த நீண்ட வயரை அடைய முடியும்.

ஒலி மங்கியது. ஒரே நாளில் மங்கவில்லை. ஒவ்வொரு பெடல் சேரும்போதும் சிறிது சிறிதாக மங்கியது. அதனால் எனக்கே முதலில் புலப்படவில்லை. கம்பியை மீட்டும் கணத்தில் எழுகின்ற அந்தச் சுள்ளென்ற முனை, கண்ணாடியைச் சுண்டினாற்போன்ற ஒளி, அது காணாமற்போயிற்று. மிஞ்சியது ஈரத்துணி சுற்றிய ஒலி. புதுக் கம்பிகள் மாட்டினேன். அழுத்தி மீட்டினேன், கம்பி அறுந்ததே தவிர ஒலி தெளியவில்லை. ஆம்பிளிபையரில் உயர் ஒலியின் கூர்மையைக் கூட்டித் தருமாறு தலைவரிடம் வேண்டினேன். கூட்டினார். இரைச்சல்தான் கூடியது.

டிரம்ஸ் வாசித்தவர் எனக்கு நண்பர். “மச்சான், கிட்டாருக்குச் சளி புடிச்சிருக்கு லா. தைலம் தேய்ச்சு விடு,” என்றார். நானும் சிரித்தேன்.

தலைவர் சிரிக்கவில்லை. அனைவர் முன்னிலையிலும் அமைதியாகச் சொன்னார்: “கம்பத்துல ஏறி ஏறித் தம்பிக்கு விரல் காய்ச்சுப்போச்சு. அந்த விரலுக்குக் கிட்டாரு எப்படிப் பேசும்?”

அவர் அவ்வாறு சொன்னதற்குப் பின்னணி இருந்தது. உள்ளூர்க் குழுக்களை வானொலியில் பாடவைக்கத் தேர்வு நடக்கவிருந்தது. எங்கள் குழுவுக்கும் அழைப்பு வந்திருந்தது. தலைவரின் மைத்துனர், கார் விற்கும் கடையில் வேலை பார்த்தவர், எங்கள் வேனை ஓட்டிவருவார். அவரும் சுமாராகக் கிட்டார் வாசிப்பார். வானொலியில் என் வாசிப்பு ஒலிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் நான் அந்நாளில் பெரிதாக விரும்பியதில்லை. விரல் கெட்டுவிட்டது என்ற பேச்சு நிலைத்துவிட்டால் என் இடம் யாருக்குப் போகும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

வயர்தான் குற்றவாளி என்று முதலில் சரியாக ஊகித்தேன். மருந்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தேன். வயர் மெலிந்திருப்பதால் ஒலி தேய்கிறது, தடித்த செம்பு போட்டால் தேயாது என்று எண்ணி, தொலைபேசி வேலையில் கழித்துப்போட்ட தடித்த இரட்டை வயரை எடுத்து, முனைகளைப் பற்றவைத்துச் சித்தியவானுக்கு அருகே ஒரு தோட்டத் திருவிழாவுக்குக் கொண்டுபோனேன். கிட்டார் வயருக்கு மேலே வலை போன்ற ஓர் உறை உண்டு. வெளி இரைச்சலை அது தடுக்கிறது. தொலைபேசி வயருக்கு அது இல்லை. தோட்டத்து ஜெனரேட்டரின் முனகல் முழுவதும் என் கிட்டார் வழியாக ஊருக்கே கேட்டது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “யோவ் கிட்டாரு! பாட்டு வாசிக்கிறியா, தேன்கூட்டக் கலைக்கிறியா?” என்று கத்தினார். திருவிழாவே சிரித்தது. தலைவர் மேசையிலிருந்தபடியே என் ஒலியை முற்றாக அணைத்துவிட்டார். எஞ்சிய பாடல்களுக்கு நான் ஓசையில்லாத கிட்டாரை மீட்டிக்கொண்டு நின்றேன்.

தெளிவு பிறந்தது வேலையில்தான். லகாட் பக்கம் ஒரு நீண்ட இணைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் பேசியவரின் குரல் வந்தது. குரலின் கூர்மை வரவில்லை. நீண்ட தடத்தில் மெல்லிய உயர் ஒலிகளே முதலில் மடியும் என்பதைத் தொழிலில் ஒவ்வொரு நாளும் கண்டவன் நான். அதே விதி என் காலடியிலும் நடக்கிறது என்று ஏனோ அதுவரை தோன்றவில்லை. வானொலி பழுதுபார்க்கும் பாடம் ஒன்றை அஞ்சல்வழியில் பாதிவரை படித்திருந்தேன். அதைத் தேடியெடுத்து, அரைகுறை ஆங்கிலத்தில் வரிவரியாகப் படித்தேன். கிட்டாரிலிருந்து பிறக்கும் மின்னோட்டம் மிக மெல்லியது. வயரின் நடுக்கம்பிக்கும் அதன் வலையுறைக்கும் இடையே அதன் உயர் ஒலிகள் கசிந்துபோகின்றன. நீளம் கூடக் கூடக் கசிவு கூடும், தடிமனால் பயனில்லை. பெடல்களோ அணைத்துவைத்தாலும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு மிடறு குடித்துவிட்டே அனுப்புகிறது.

சிலிபினில் எங்கள் வீட்டில் ஒரு விடுமுறை நாள் காலை, கிட்டாரை ஒரு குட்டை வயரால் நேராக என்னுடைய சிறு ஆம்பிளிபையரில் பூட்டி வாசித்தேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள்.

“என்ன பண்ணீங்க? மேடையில கேக்குறப்பல்லாம் தலகாணிக்குள்ள வச்சு வாசிச்ச மாதிரி இருந்துச்சு.”

“இத்தன நாளா ஏன் சொல்லல?”

“அதுதான் உங்க ஸ்டைலுன்னு நெனச்சேன்.”

பின்னர் பழுதுபார்க்கும் வேலையில் இறங்கினேன். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு பேட்டரியும் கொண்ட சுற்று ஒன்றை மிட்டாய்த் தகரத்துக்குள் அமைத்தேன். அது ஒலியைக் கூட்டுவதில்லை. நீண்ட வயரைத் தள்ளிச் செல்லும் வலிமையை மட்டும் தருகிறது. கிட்டாரிலிருந்து அந்தத் தகரம்வரை மிகக் குட்டையான வயர். தேவைப்படாதபோது பெடல் வரிசை முழுவதையும் விலக்கிவிட ஒரு மிதிவிசை. உறுமும் பெடலை மட்டும் தகரத்துக்கு முன்னால் வைக்க நேர்ந்தது. பின்னால் வைத்தால் அதன் உறுமல் சீறலாகிவிட்டது. பல முறை மாற்றிப் பூட்டி அதை அறிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை தலைவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. முதலில் பழைய முறையில் வாசித்தேன். பிறகு புதிய முறையில், அதே பாட்டை, அதே நீண்ட வயரோடு வாசித்தேன். பாடகி திரும்பிப் பார்த்தார். டிரம்ஸ் நண்பர் குச்சியை உயர்த்தினார்.

“அலாமாக், மச்சான்! இத எங்க ஒளிச்சு வச்சிருந்தே?”

தலைவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். கண்களை மூடிக் கேட்டார். பிறகு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ரொம்பப் பளிச்சுன்னு இருக்கு. ஆர்கனுக்கு மேல ஏறுது லா,” என்றார்.

“கொறைச்சுக்கலாம் அண்ணே. திருகு உங்க கையிலதானே இருக்கு?”

“கொறைச்சாலும் கேக்குது. அதான் பிரச்சனை.”

என் கிட்டார் மங்கியது அவருக்குத் தெரியாமல் இருந்ததில்லை. தெரிந்தே இருந்தது; இதமாகவும் இருந்தது. தெளிந்த ஒலி தாழ்ந்திருந்தாலும் செவி அதைத் தேடிக் கண்டுகொள்ளும். மங்கிய ஒலியை எவரும் தேடுவதில்லை. விரல் காய்த்துவிட்டது என்று அவர் சொன்னபோது விரலல்ல காரணம் என்பதை அறிந்துதான் சொல்லியிருக்கிறார் என்று அன்று முடிவுசெய்தேன். இன்றும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

“வானொலித் தேர்வுக்குப் பழைய மாதிரியே போட்டுக்க. தேர்வு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்,” என்றார். மைத்துனர் வேனில் சாய்ந்தபடி சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நான் மறுத்திருந்தால் அன்றே அவர் என் இடத்தில் நின்றிருப்பார். ஆகவே ஒப்புக்கொண்டேன். மிட்டாய்த் தகரத்தைக் குழுவின் கருவிப்பெட்டியில் வைத்துவிட்டுப் பழைய வரிசையைப் பூட்டினேன்.

தேர்வுக் கூடத்திலும் மேசை தலைவர் அருகில் இருந்தது. வயர் சுவரோரமாகச் சுற்றிப் போயிற்று. நான் பிழையின்றி வாசித்தேன். வாழ்நாளில் அதைவிடச் செம்மையாக வாசித்ததாக நினைவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி வெளியே வந்து தலைவரின் கையைக் குலுக்கினார்.

“குழு நல்லா இருக்கு சார். ஆர்கன் ரொம்ப நல்லா இருக்கு. கிட்டாரு மட்டும் தெளிவா இல்ல. வேற ஆளு யாராவது இருக்காங்களா?”

வயர் நீளம், பெடல்கள் அதிகம், அதனால்தான் என்று ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல என்னைவிட அவருக்கே தகுதி இருந்தது; தலைவர் அவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் அதிகாரியைப் பார்த்தார்.

“இருக்காங்க சார்,” என்றார்.

வெளியே வேன் அருகில் அவரை நிறுத்திக் கேட்டேன். “அண்ணே, வயர்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் தம்பி. பெரிய ஆளுங்ககிட்டப் போயி வயர் கதையெல்லாம் பேச முடியுமா? அவங்க சொல்லிட்டாங்க. நான் என்ன பண்றது?”

ஒலிப்பதிவு மைத்துனரை வைத்து நடந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மேசைச் சட்டம் செல்லவில்லை என்று டிரம்ஸ் நண்பர் பிற்பாடு சொன்னார். அங்கிருந்த பொறியாளர்கள் ஆம்பிளிபையரைக் கிட்டார்க்காரரின் காலடியிலேயே வைத்து, குட்டை வயர் கொடுத்து, பெடல்களை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்களாம். தலைவர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லையாம். ஒலிபரப்பு நாளில் மனைவி வானொலியை அணைக்கப் போனாள். வேண்டாம் என்றேன். மைத்துனர் இரண்டாம் சரணத்தில் தடுமாறினார். ஆயினும் கிட்டார் கண்ணாடி போல் ஒலித்தது. என் காரணம் சரி என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போவது?

அதன்பின் எந்தக் குழுவிலும் சேரவில்லை. அழைத்தார்கள், போகவில்லை.

சில மாதங்கள் கழித்து ஈப்போ நகரின் ஓரத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் வேலை செய்துகொண்டிருந்தேன். கீழே ஒரு கார் நின்றது. தலைவர் இறங்கினார். நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்தபடி மேலே பார்த்தார்.

“தம்பி! உன் தகர டப்பா செத்துப்போச்சு லா. சனிக்கிழம கல்யாணம் இருக்கு. கொஞ்சம் எறங்கி வந்து என்னன்னு பாரேன்.”

பேட்டரி தீர்ந்திருக்கும். மளிகைக் கடையில் ஒன்று வாங்கி மாற்றினால் போதும். எனக்கு அக்கணமே தெரிந்தது.

“வேல இருக்கு அண்ணே,” என்றேன்.

“எவ்வளவு நேரம்?”

“தெரியல அண்ணே.”

அவர் கார் நிழலில் ஒதுங்கி நின்றார். உண்மையில் என் வேலை முடிந்திருந்தது. கருவிகளை ஒவ்வொன்றாக இடுப்புவாரிலிருந்து எடுத்தேன், துடைத்தேன், மீண்டும் செருகினேன். அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியது. ஒரு கட்டத்தில் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுக் காரைக் கிளப்பினார். கார் சாலைத் திருப்பத்தில் மறையும்வரை நான் இறங்கவில்லை.