தங்கச்சியின் டி.சி.

மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய எத்தனை வழி இருக்கிறது என்று எங்கள் குப்பத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னைத் தேடி வருவார்கள். எல்லா வழியிலும் போய் முட்டிக்கொண்டு திரும்பியவன் என்பதால் கிடைத்த மரியாதை இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு அப்பா நிற்பார், பக்கத்தில் மார்க் ஷீட்டைப் பிடித்தபடி ஒரு பெண். "தம்பி, கவர்மென்ட் ஸ்கூல் கோட்டா, அந்த ஏழரையில போட்டா கெடைக்குமா, இல்ல ஜெனரல்லயே போட்டுடலாமா?" என்பார். பொறுமையாகச் சொல்வேன். எல்லாம் கேட்டுக்கொண்டு எழுந்திருக்கும்போது, "நீ இப்போ இன்னா பண்ற?" என்று கேட்காமல் யாரும் போனதில்லை.

சிறுசேரியில் மெடிக்கல் கோடிங் பண்ணுகிறேன். அமெரிக்காவில் யாரோ ஒருவர் படியில் தவறி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டால், அந்த முழங்காலுக்கும் அந்தப் படிக்கும் தனித்தனியாக ஒரு எண் போடுவது என் வேலை. இன்ஷூரன்ஸ்காரனுக்கு எண் இல்லாமல் எதுவும் புரியாது. நோய்களின் பெயர்கள் எனக்கு அத்துப்படி. நோயாளி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

வீட்டில் டாக்டருக்குப் படிப்பது என் தங்கச்சி. என்னைவிட மூன்று வயது சின்னவள். எங்களுக்குக் கடப்பாக்கம். நைனாவுக்கு ஃபைபர் படகு. அம்மா மீன் கூடையோடு கல்பாக்கம் டவுன்ஷிப் வரை பஸ்ஸில் போய் விற்றுவிட்டு வருவாள். அங்கே விஞ்ஞானிகள் வீட்டுப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு பள்ளி வேனில் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, தன் பிள்ளையும் அப்படி ஏற வேண்டும் என்று முடிவு கட்டினாள். பிள்ளை என்றால் நான்தான்; என்னை ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள். தங்கச்சியை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். "பொட்டப் புள்ளைக்கு இது போதும்" என்றார் நைனா. அந்த வயதில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நான் ஒன்பதாவது போகும்போது அவள் ஐந்தாவதை முடித்தாள். வகுப்பில் முதல் மார்க். டவுன்ஷிப்பில் மீன் வாங்கும் ஒரு அம்மா, "பெண்ணையும் நல்ல ஸ்கூல்ல போடும்மா" என்று சொல்லியிருக்கிறார். அது என் அம்மாவுக்கு உறைத்துவிட்டது. தங்கச்சியின் டி.சி.யை, அதாவது மாற்றுச் சான்றிதழை, வாங்கிக்கொண்டு போய் என் பள்ளி ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தாள். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருந்தது. தங்கச்சி தினமும் என் பழைய டையை எடுத்துக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்தப் பள்ளியில் சேர்ந்த புதிதில், வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் கவுச்சி அடிக்குது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தான். அதற்குப் பிறகு வருடக்கணக்காகப் பாடுபட்டு, என் அப்பா கடல்சார் ஏற்றுமதித் தொழில் செய்கிறார் என்று அத்தனை பேரையும் நம்ப வைத்திருந்தேன். இவள் ஏறினால் முதல் நாளே, "ண்ணா, நைனா வலை இழுத்துகினு கீது, பாரு!" என்று சன்னல் வழியாகக் கையை நீட்டிக் கத்துவாள். என் மானம் கப்பலேறிவிடும்.

நைனாவுக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. வீட்டுக்கு வரும் எந்தத் தாளாக இருந்தாலும் நான் படித்துச் சொல்வேன், பதிலும் நானே எழுதுவேன். "எங்க போடணும்?" என்று கேட்டு, நான் விரல் வைத்த இடத்தில் நைனா போடுவார். வேன் ஃபாரம் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினேன். போட்டார். அதை ஆபீஸில் கொடுத்து டி.சி.யைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வீட்டில், "ஆறாவதுல சீட்டு ஃபுல்லாம், அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றேன். ஆங்கிலம் படிக்கும் பையன் சொல்வதை யார் சந்தேகப்படுவார்கள்? தங்கச்சி இரண்டு நாள் அழுதாள். ஊரிலேயே அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாவது சேர்ந்தாள். அடுத்த வருடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் பன்னிரண்டாவது முடித்து முதல் தடவை நீட் எழுதினேன். அந்த வருடம்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். டிவியில் செய்தியைக் கேட்டுவிட்டு, "இதுங்களுக்கெல்லாம் சும்மா தூக்கிக் குடுக்குறானுங்க" என்று கத்தினேன். தங்கச்சி அங்கேதான் உட்கார்ந்து நண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

முதல் தடவை ஊத்திக்கொண்டது. இரண்டாம் தடவை செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கி கோச்சிங் போனேன். எங்கள் பிரிவின் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றது மார்க். பல் மருத்துவம் கிடைத்தது. "பல் புடுங்குறவனெல்லாம் டாக்டரா?" என்று அந்த இடத்தை வேண்டாம் என்றேன். இன்றைக்கு என் பல் வலிக்கு நான் போகும் டாக்டர் அந்த வருடம் என்னோடு கோச்சிங் படித்தவள். நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்துக்கொண்டு அந்த வசனத்தை நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் தடவை மார்க் முன்பைவிடக் குறைந்தது. அப்போது மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் ஹாலில், வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடுகிறோம் என்று கூட்டம் போட்டார்கள். நைனா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கோட்டு போட்ட ஏஜென்ட் ஒருவன், பனி மூடிய கட்டடங்களைத் திரையில் காட்டி, அங்கே இந்தியச் சாப்பாடு உண்டு, தமிழ் வார்டன் உண்டு என்றான். நைனா எழுந்து, "அங்க படிச்சிட்டு வந்தா இங்க ஊசி போட வுடுவாங்களா?" என்று கேட்டார். ஹால் சிரித்தது. அதற்கும் இங்கே ஒரு தேர்வு உண்டு என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. அன்று கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். நானோ கூட்டத்தில் அவர் மகனே இல்லை என்பது மாதிரி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகையே விற்றால்தான் அந்த வழி என்று வெளியே வந்ததும் புரிந்தது. கடைசியாக ஒரு தடவை எழுதுகிறேன் என்றேன்.

அந்தக் கடைசித் தடவையில்தான் தங்கச்சியும் எழுதினாள். அவள் அப்போது பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நான் குப்பையில் போடச் சொன்ன கோச்சிங் நோட்டுகளை இரண்டு வருடமாக எடுத்துப் படித்துவந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. செங்கல்பட்டில் ஒரே சென்டர். கேட்டுக்கு வெளியே அம்மா அவளுடைய கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் பழம் தின்று கொட்டை போட்டவன், அரைக்கைச் சட்டையும் செருப்புமாகத் தயாராக நின்றேன். "ண்ணா, பயமா கீது" என்றாள். "எனக்கு இல்ல" என்றேன்.

அவளைவிட எனக்கு நூறுக்கும் மேல் மார்க் அதிகம். இதை எழுதும்போதுகூட அந்த வரியைப் படித்துப் படித்துப் பார்க்கிறேன். என் மார்க்குக்கு இடம் இல்லை. அவள் மார்க்குக்கு ஏழரையில் இடம் நிச்சயம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பொறாமையில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் விண்ணப்பத்தை நான்தான் நிரப்ப வேண்டும், அந்த வெப்சைட் எனக்குத்தான் தலைகீழ்ப் பாடம்.

ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். அவளுடைய பழைய உயர்நிலைப் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியர் கோப்பிலிருந்து அந்த ஐந்தாம் வகுப்பு டி.சி.யை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் என் பள்ளியின் முத்திரை, தேதியோடு.

"என்னம்மா, நடுவுல அந்த ஸ்கூல்ல சேர்ந்தியா? பேரு ஏறியிருந்தா ஒரு நாளா இருந்தாலும் நாளைக்குக் கேள்வி கேப்பாங்க. சேரலைன்னு அங்க எழுதி வாங்கிட்டு வா, நான் கையெழுத்து போடுறேன்" என்றார்.

தங்கச்சியின் முகம் வெளுத்துப் போயிற்று. விண்ணப்பத்துக்கு இரண்டு நாள்தான் பாக்கி. "சீட்டு இல்லைன்னுதானே அனுப்புனாங்க? அப்புறம் எதுக்கு சீல் குத்துனாங்க?" என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். தெரியாது என்றேன். நான் தனியாகப் போய் வாங்கி வருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவள் பேர் ஏறியிருக்கட்டும் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். ஒரு நிமிடத்துக்கு மேலேயே இருக்கும்.

என் பள்ளி ஆபீஸில், அன்று டி.சி.யைத் திருப்பிக் கொடுத்த அதே கிளார்க். கண்ணாடி மட்டும் தடித்திருந்தது. பழைய அட்மிஷன் ஃபைலை எடுத்துத் தூசி தட்டி, தாள்களைப் புரட்டினார்.

"பேர் ஏறலம்மா. பயப்படாத. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே வாபஸ் வாங்கிட்டாங்க" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீதானேப்பா வந்து வாங்கிட்டுப் போன? அப்பா லெட்டர் குடுத்தனுப்பிச்சாருன்னு?"

ஃபைலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அந்தப் பள்ளியில் கர்சிவ் என்னும் சேர்த்தெழுத்துக்குத் தனி வகுப்பே உண்டு, எனக்குப் பரிசெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அழகான எழுத்தில், ஆங்கிலத்தில் இரண்டு வரி. என் மகளுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை. ஆகவே அவளது மாற்றுச் சான்றிதழைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே நைனாவின் கோணல் கையெழுத்து.

தங்கச்சி படித்தாள். முதல் வரியை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தாள். கிளார்க்கிடம், "சார், சேரலைன்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் என் போனிலிருந்த விண்ணப்பத்தின் பாஸ்வேர்டை வாங்கி, மீதியைத் தானே நிரப்பினாள். தப்பில்லாமல் நிரப்பினாள்.

கவுன்சிலிங்கில் இடம் கிடைத்தது. ஃபீஸையும் ஹாஸ்டலையும் அரசே பார்த்துக்கொள்ளும். அம்மா தெருவெல்லாம் கேசரி கொடுத்தாள். "அன்னிக்கு சீட்டு இல்லைன்னு தொரத்துனானே அந்த ஸ்கூல்காரன், அவன் நல்லா இருக்கணும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். நைனா இன்னும் ஒரு படி மேலே போய், தான் யோசித்துத்தான் பெண்ணை அரசுப் பள்ளியில் போட்டதாகப் பேச ஆரம்பித்தார். தங்கச்சி யாரையும் மறுக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று ஒவ்வொரு வேளையும் தட்டின் முன்னால் காத்திருந்தேன். எனக்குச் சோறு போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அவள் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய காலையில் ஈ.சி.ஆர். ஸ்டாப் வரைக்கும் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். செங்கல்பட்டுக்குப் போய், அங்கிருந்து ரயில். நைனா கடலிலிருந்து இன்னும் வரவில்லை. அம்மா ஸ்டேஷனுக்கு நேராக வருவதாகச் சொல்லியிருந்தாள். ஸ்டாப்பில் நாங்கள் இரண்டு பேர்தான். பல நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொல்லிவிட்டேன்.

"நான் பண்ணது தப்புதான். ஆனா யோசிச்சுப் பாரு, அன்னிக்கு நீ அங்க சேர்ந்திருந்தா இந்தச் சீட்டு உனக்கு வந்திருக்காது. ஒரு வகையில நல்லதாத்தானே முடிஞ்சுது?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்க கிளாஸ்ல எத்தினி பொண்ணுங்க நீட் எழுதுனாங்க தெரியுமா? நான் ஒருத்திதான் பாஸ். நானும் ஃபெயிலாயி, அம்மாகூட கூடை தூக்கிகினு போயிருந்தா, இந்த லெட்டர் கதைய என்னாண்ட எப்போ சொல்லியிருப்ப?"

பதில் எனக்குத் தெரியும். எப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். அவளுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்று நானே நம்பத் தொடங்கியிருப்பேன்.

பஸ் வந்தது. பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவளே தூக்கி ஏறினாள்.