பெயர்கள் ஓடி முடியும்வரை

படம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து போகிறார்கள், அப்பா மட்டும் ஏன் உட்கார்ந்தே இருக்கிறீர்கள் என்று போன வாரமும் கேட்டீர்கள். “போலாம்பா, பார்க்கிங்ல மாட்டிக்குவோம்லா” என்று சின்னவள் கையைப் பிடித்து இழுத்தாள். அங்கே எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஏர்கான் சர்வீஸ் செய்துகொண்டே குறும்படம் எடுத்தவன் நான். முதல் படத்தைப் பிரிக்பீல்ட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கைப்பேசியில் எடுத்தேன். நடிக்க ஆள் இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணனை, உங்கள் பெரியப்பாவை, கூப்பிட்டேன். அதற்குப் பிறகு எல்லாக் குறும்படத்திலும் அவர்தான். போலீஸ்காரர், குடிகாரன், ஒரு படத்தில் சாமியார். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் திரையிடுவோம். வந்தவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். “ஏன்டா, இந்த மலேசியாவுல நடிக்க நான் ஒருத்தன்தான் கெடச்சேனா?” என்பார் அண்ணன். அடுத்த படத்துக்கும் லீவு போட்டுவிட்டு வருவார்.

பிறகு பெரிய படம் எடுக்கத் துணிந்தோம். ஒரு மனிதர் இறந்துபோகிறார். அவருக்குப் பிறகு அந்த வீடு எப்படி நடக்கிறது என்பதுதான் கதை. இறப்பவர் பெரியப்பா. வீடும் கிள்ளானில் இருந்த அவர் வீடுதான். என் அண்ணிக்கு, உங்கள் பெரியம்மாவுக்கு, அது பிடிக்கவில்லை.

“என் வீட்டு ஹால்லயா அவரப் படுக்க வெக்கப் போறீங்க, தம்பி?”

“வேற யாரு வீட்டுலடி என்னைச் சாக விடுவாங்க?” என்றார் பெரியப்பா.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்த பிறகுதான் எழுப்புவார்கள். நடித்தது நிஜமாகிவிடக் கூடாது என்று ஒரு நம்பிக்கை. அண்ணிக்கும் அது தெரிந்திருந்தது. “சிரிக்க வெச்சுத்தான் எழுப்பணும்” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

அண்ணனுக்கு மாலை போட்டு, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு வைத்தோம். பக்கத்து வீட்டு ஆன்டி அழ வந்திருந்தார்.

“கொசு கடிக்குதுடா. செத்தவன் சொறியக் கூடாதா?”

“சும்மா படுங்கண்ணே. ஆன்டிக்கு இப்பதான் அழுகையே வருது.”

“ஆமாலா, சிரிப்புக் காட்டாதீங்க. அப்புறம் என்னால அழ முடியாது” என்றார் ஆன்டி.

ஷாட் முடிந்தது. கேமராவை நிறுத்தவில்லை. அண்ணன் எழாமலே தாடைக் கட்டை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். “போதுமாடா, இல்ல பல்லும் தெரியணுமா?”

படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங் நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து அதே ஹாலில், அதே இடத்தில் கிடத்தினார்கள். அதே ஆன்டி வந்து அழுதார். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். சன்னலிலிருந்து வெளிச்சம் முகத்தில் சரியாக விழுகிறது என்று நினைத்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல என்னையே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த பிறகு சுபாங் ஜெயாவில் எடிட்டரின் அறைக்குப் போனேன். அண்ணன் பிணமாகக் கிடக்கும் காட்சியை அவன் தொடாமலே வைத்திருந்தான். “அண்ணே, இது இல்லன்னா படமே இல்ல. ஆனா அண்ணிகிட்ட கேக்காம நான் கைவெக்க மாட்டேன்” என்றான்.

கிள்ளானுக்குப் போனேன். அண்ணி அந்த ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் வேலைச் சட்டை இன்னும் கதவில் தொங்கியது. வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் படம் அதோடு முடிந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே கேட்டார்.

“அன்னிக்குச் சிரிக்க வெச்சீங்களா, இல்லையா?”

கைப்பேசியில் இருந்த அந்தச் சிரிப்பு ஷாட்டைப் போட்டுக் காட்டினேன். பல்லும் தெரியணுமா என்று அண்ணன் கேட்டார். அண்ணி திரும்பவும் போடச் சொன்னார். பிறகும் ஒருமுறை.

“கட்ட அவுக்கும்போது முடி கலஞ்சிருச்சு பாருங்க. சீவி விட அங்க ஒரு ஆள் இல்லையா?”

நான் கைப்பேசியை அணைத்தேன்.

“சிரிச்சாருதான். சிரிச்சும் போயிட்டாரே, தம்பி.”

வெளியே லோரி ஒன்று போனது. அப்புறம் சொன்னார்: “படுத்திருக்கிறத வெச்சுக்குங்க. அவரும் ஆசைப்பட்ட படம். ஆனா அவரு சிரிக்கிறதுதான் கடைசியா வரணும். அதுக்கப்புறம் ஒண்ணுமே வரக் கூடாது.”

அப்படியே செய்தோம். எல்லாருடைய பெயரும் ஓடி முடிந்த பிறகு அந்தச் சிரிப்பு.

கிள்ளானில் ஒரு மால் தியேட்டரில் படம் வெளியானது. கூட்டம் கொஞ்சம்தான். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் வந்தவர்கள் எழுந்தார்கள். எனக்குக் கை கொடுத்துவிட்டு, “நல்லாருக்கு பாஸ்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரையும் உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இருவரும் அம்மாவோடு கழிவறைக்கு ஓடினீர்கள். கூட்ட வந்தவர் துடைப்பத்தோடு கதவருகே காத்து நின்றார்.

அண்ணி மட்டும் எழவில்லை. திரையில் பெரியப்பா சிரித்தார், கேட்டார், முடிந்தது.

“முடி கலஞ்சேதான் இருக்கு” என்றார் அண்ணி. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. மற்றவர்கள் எடுத்த படத்திலும் பெயர்கள் ஓடி முடியும்வரை நான் உட்கார்ந்திருப்பது இதனால்தான். அங்கேயும் கடைசியில் பெரியப்பாவைப் போல யாராவது காத்திருக்கலாம். அடுத்த முறை நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள். பார்க்கிங்கில் மாட்டினால் மாட்டிக்கொள்வோம்.