எந்திரிக்க ஒரு நாற்காலி, குச்சி பொறுக்க ஒரு பெஞ்சு

மேசை நாற்காலி செய்யும் தொழிலில் ஒரு விசேஷம், குறை சொல்ல வருகிறவர் ஒருவராவது உட்கார்ந்து சொன்னதில்லை, நின்றபடியேதான் திட்டுவார்கள். நீங்களும் எவனோ கண்ணை மூடிக்கொண்டு செய்த நாற்காலியில் முதுகு நொந்தவர்கள்தானே, அதனால் உங்களிடம் சொல்லலாம். ஒரு பெரிய மனிதர் பெஞ்சைக் கவிழ்த்துப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். ஒட்டிய பசை காய்வதற்குள் உட்காரக் கூடாது.

எனக்கு வயது பதினேழு. பதுளைக் கடைவீதியில் காசிம் முதலாளியின் பட்டறையில் வேலை. தோட்டத்து ஆபீஸுக்கும், தேயிலை உலர்த்துகிற ஸ்டோருக்கும் வேண்டிய மேசை, அலமாரி, பெஞ்சு எல்லாம் இங்கிருந்துதான் போகும். முதலில் உப்புத்தாள் தேய்த்தேன். இப்போது அளவெடுத்துப் படம் போடுகிறேன். கூடவே எவர் குரலிலும் பேசுவேன். அது சம்பளத்தில் சேர்த்தி இல்லை.

கங்காணியின் முழங்கால்

லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தின் பெரிய கங்காணி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உட்காருவது போலவே தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்றார். வீட்டு வாசலில் போட்டு உட்கார. கை வைக்கும் கட்டை, சாய்மானம், எல்லாம் அச்சு அசலாகச் செய்து வைத்தோம். அவர் வந்து உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார். நான் பலகை அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாய் சும்மா இருக்குமா? துரையின் குரலில், "கங்காணி, அங்கே என்னா பண்றான்?" என்றேன்.

மனிதர் துள்ளி எழுந்தார். முழங்கால் கட்டையில் இடித்தது, தலைப்பாகை உருண்டது, நாற்காலி அவரை விடாமல் கூடவே கொஞ்சம் எழுந்தது. முதலாளி என் காதைத் திருகினார். ஆனால் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. வாசலில் உட்கார்ந்திருக்கும் கங்காணி, துரையின் குதிரை திரும்பினால் உடனே எழ வேண்டும். துரைக்கு அந்த அவசரம் கிடையாது. கட்டையைப் பாதியாக வெட்டினேன், முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தாழ்த்தினேன். மறு வாரம் கங்காணி பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்தார்.

"உக்கார்றதுக்கு ஊருல எல்லாப் பயலும் நாற்காலி செய்யிறான். எந்திரிக்கிறதுக்குச் செஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா."

மீனாச்சியக்காவின் கயிறு

அதே தோட்டத்து ஸ்டோரில் பெண்கள் நாள் முழுக்கத் தரையில் குந்தியிருந்து, தேயிலையில் கலந்த குச்சியைப் பொறுக்குவார்கள். அலமாரி இறக்கப் போன அன்று பார்த்தேன். மத்தியானச் சங்கு ஊதியதும், மீனாச்சியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு தவணையில் எழுந்தார். "நாளைக்கு வர்றேன், கயிறு கொண்டாறேன், உங்க காலை அளக்கணும்" என்றேன்.

"சுடுகாட்டுக்கு அளக்கிறவன்தான் இப்பிடி முன்கூட்டியே வருவான்" என்றார் அக்கா. மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் எட்டுப் பேர் கால் நீட்டினார்கள். தாழ்வான பெஞ்சு, முன்னால் சாய்ந்த தட்டு, ஓரத்தில் குச்சி விழ ஒரு பள்ளம் என்று படம் போட்டேன். காசிம் முதலாளி தாடியைச் சொறிந்தார்.

"இங்க பாரு தம்பி, ஒரு மாசம் பார்ப்பேன். ஸ்டோர்ல இதை எடுத்தா இனிப் படம் எல்லாம் நீதான். எடுக்கல்லையோ, திரும்ப உப்புத்தாள்தான்."

சீமைக்கு ஒரு கடுதாசி

ஸ்டோருக்குப் பொறுப்பு டீமேக்கர் ஐயா. என் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அப்படியே போக மனம் வரவில்லை. பின்கட்டில் அவர் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைகள் குவிந்து கிடந்தன. அவற்றைக் கேட்டேன். தாராளமாகத் தலையாட்டினார்.

"கொண்டு போ, அடுப்புக்காவது ஆகும். பெஞ்சுன்னா அது சீமையில செய்யிற வேலை. மாதிரிக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லி நான் கடுதாசி போட்டிருக்கேன்."

வைக்கோல் சொன்ன பொய்

பதினெட்டு நாளில் பெஞ்சு முடிந்தது. நன்றாக இழைத்து, வார்னிஷ் பூசி, வைக்கோல் சுற்றி, மரச்சட்டத்தில் ஆணி அடித்து, பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து அந்தத் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றி வந்த மாட்டு வண்டியில் போட்டேன். மேலே தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினேன். சீமை என்று நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. வைக்கோல் ஏதாவது சொல்லியிருந்தால் அதற்கு நான் என்ன செய்ய?

சீமைப் பெஞ்சு வந்துவிட்டது என்று டீமேக்கர் ஐயா தன் கையாலேயே ஆணி பிடுங்கினாராம். மறு வாரம் அலமாரிக்குப் பூட்டுப் போட நான் போனபோது, மீனாச்சியக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சங்கு ஊதியது. ஒரே மூச்சில் எழுந்தார். சுவர் அவருக்குத் தேவைப்படவில்லை. ஐயா என் தோளைத் தட்டினார்.

"நல்லாப் பாத்துக்கடா. நீயும் செத்து ஏழு பொறப்பு பொறந்தாலும் இப்பிடி ஒரு பொருத்து போட மாட்ட."

பெஞ்சு கவிழ்ந்தது

பசை காய்ந்துவிட்டது, உட்காருங்கள்.

நான் பூட்டுப் போட்டு முடிப்பதற்குள் துரை வந்தார். தேயிலையை அள்ளிப் பார்த்தார், குச்சி இல்லை. பெஞ்சைப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு. நாப்பது வேணும். என்னா கம்பெனி?" என்றார். கம்பெனி பெயர் அடியில் இருக்கும் என்று டீமேக்கர் ஐயா பெருமையோடு பெஞ்சைக் கவிழ்த்தார்.

அடிப்பலகையில் அந்தத் தோட்டத்தின் முத்திரை. அதன் குறுக்கே கறுப்பு மையில், அவர் கைப்பட, 'கழிவு' என்று எழுதி, கீழே அவர் கையெழுத்து. நான் இழைத்து எடுத்திருக்கலாம்தான். கை வரவில்லை.

ஐயா குனிந்தவர் நிமிரவில்லை. எழுத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். மீனாச்சியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். துரை, "பேர் இருக்குதா?" என்றார். ஐயா நிமிர்ந்து என்னைக் கை காட்டினார்.

"இருக்குங்க தொர. கம்பெனிக்காரன் அந்தா பூட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பல்லைக் காட்டுறான், நாப்பதையும் அவன்கிட்டயே சொல்லிப்புடலாம்."

ஆக, உப்புத்தாளை இப்போது பட்டறையில் வேறொரு பையன் தேய்க்கிறான், நான் செய்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு.